சின்னவளின் தட்டு

நாணயத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பெண் முதன்முதலாகச் சாப்பிட்டது ஒரு பஸ் டிரைவரின் தட்டிலிருந்து. நல்ல வெயில் நேரம், காற்று இல்லை, வீட்டில் பூனையும் இல்லை. டிரைவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்கத் திரும்பினார். வந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு பிடி குறைந்திருந்தது. சின்னக் கை ஒன்று அள்ளின தடம் மட்டும் சோற்றில் பதிந்திருந்தது. அவர் மனைவியைத்தான் சந்தேகப்பட்டார். "ஏம்மா, குறைச்சுப் போட்டியா?" என்றார். "போட்டதை நீங்கதான் முழுங்கியிருப்பீங்க. பேச்சு சுவாரசியத்துல முழுங்கினது உங்களுக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?" என்றாள் அவள். அன்றைக்கு அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மறுநாள் அதே நேரத்துக்கு, அதே ஓரத்தில், மறுபடி ஒரு பிடி போயிற்று. தட்டுக்குப் பக்கத்தில், நாணயச்சாலை தன் ஊழியர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்த புது நாணயம் பளபளவென்று கிடந்தது.

அந்த நாணயம் வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். விவசாயத் துறைக்கு அந்த வருஷம் ஒரு கவலை பிடித்துக்கொண்டது. உழுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், விளைகிற நிலமெல்லாம் வீடாகிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் தானியம் கடையில் விளைகிறது என்கிறார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். சுவரொட்டி ஒட்டினால் மழையில் கிழிந்துபோகும், வானொலியில் சொன்னால் நிலையத்தை மாற்றிவிடுவார்கள், காசில் போட்டால் மட்டும் எவனும் தூக்கி எறிய மாட்டான் என்று யாரோ ஒருவர் சொன்னது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆகவே நினைவு நாணயம். ஒரு பக்கம் மணி முற்றிச் சாய்ந்த ஒரு கதிர். மறுபக்கம் ஒரு பானையைச் சுற்றி அப்பா, அம்மா, அண்ணன், சின்னவள் என்று ஒரு குடும்பம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு. மேலே வளைவாக 'எல்லோருக்கும் உணவு' என்ற எழுத்து. வரைந்து கொடுத்தவர் கூலியை வாங்கிக்கொண்டு வெளியூர் போய்விட்டார். நாணயச்சாலை வேலையை ஆரம்பித்தது.

டிரைவரின் மனைவிக்கு அங்கே மெருகு அறையில் வேலை. வீட்டிலும் வெளியிலும் எல்லோருக்கும் அவள் மெருகுக்காரிதான். நாணயம் அடிக்கிற எஃகு அச்சை, அடிப்பதற்கு முன்னால் கண்ணாடிபோலத் தேய்த்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. அச்சு என்பது எல்லாமே தலைகீழான சங்கதி. நாணயத்தில் மேடாகத் தெரிவது அச்சில் பள்ளமாக இருக்கும். மனிதர்கள், மாடுகள், மன்னர்கள் எல்லோரும் அதில் குழிகள்தான். எஃகில் ஈரம் பட்டுத் துரு பிடித்தாலும் சின்னச் சின்னக் குழிதான் விழும். எது படத்தின் குழி, எது துருவின் குழி என்று பிரித்துப் பார்த்து, துருவை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தாள். புள்ளி ஒன்று இருந்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அச்சு வந்த வாரம் விடாத மழை. அவள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அப்பா தட்டில் குவியலாகச் சோறு, அம்மா தட்டிலும் அப்படியே, அண்ணன் தட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. சின்னவள் தட்டில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து புள்ளி. துரு என்று நினைத்துக்கொண்டாள். மூங்கில் குச்சியில் மெருகுப் பசையைத் தொட்டு, பொறுமையாக, அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டாள். தட்டு நிலா மாதிரி மின்னியது. அவளுக்கு அன்று பரம திருப்தி.

இப்போது, புருஷன் தட்டில் இரண்டாம் நாளும் ஒரு பிடி குறைந்தபோது, அவள் அந்த நாணயத்தை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சின்னவளின் வாயோரம் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த தட்டு துடைத்துவிட்டதுபோலக் காலி. மெருகுக்காரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவை துரு இல்லை. சின்ன வயிற்றுக்குப் போதும் என்று வரைந்தவர் போட்டு வைத்திருந்த சோறு அது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று டிரைவர் பதறினார். "புள்ள தட்டுல இருந்த சோத்தை அழுக்குன்னு நெனச்சுத் தொடைச்சுட்டேங்க," என்று சொல்லி அழுதாள். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு பிடியை நாணயத்துக்குத் தனியாக எடுத்து வைத்தார். "வாடகை குடுக்காத குடித்தனம்," என்று கேலி செய்வார், ஆனால் வைக்க மறந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் மேற்பார்வையாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு நாணயச்சாலையில் தராசு என்று பேர். எடை பார்க்காமல் அவர் எதையும் நம்ப மாட்டார், தன் மருமகனைக்கூட. அவர் ஒரு நாணயத்தைத் தட்டில் போட்டுப் பார்த்தார். முள் நடுவில் நின்றது. "எடை சரியா இருக்கேம்மா," என்றார். "எடை சரிதான் சார், சாப்பாடு இல்ல." "சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு இல்லம்மா, எடைக்குத்தான்." அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பொறுப்பு அவ்வளவுதான் இருந்தது. அதற்குள் நாணயமெல்லாம் மூட்டை மூட்டையாக ஊருக்குள் போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் ஊரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாணயம் எந்த வீட்டுக்குப் போனதோ அந்த வீட்டில் வேளைக்கு ஒரு பிடி குறைந்தது. பெரிய வீடுகளில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே சாப்பிட்டதைவிடக் கொட்டினது அதிகம். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் ஒரு பை நிறைய இந்த நாணயங்களை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஒரு வித்தியாசமும் தெரியாமல் இருந்தார். கண்டுபிடித்ததெல்லாம் அளந்து பொங்குகிற வீடுகள்தான். சந்தைக்குப் பின்னால் குடியிருந்த கொத்தனார் மனைவி ஒரே வேளையில் கண்டுபிடித்துவிட்டாள், ஏனென்றால் அவள் பானையில் ஒரு பிடி கூட இருந்ததும் இல்லை, குறைந்ததும் இல்லை. முதலில் நாணயத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு டப்பாவில் போட்டு மூடினாள். மூடின டப்பாவுக்குள்ளிருந்தும் கை வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே கூர்ந்து பார்த்ததில் சின்னவளின் காலித் தட்டு கண்ணில் பட்டுவிட்டது. "சரி, தின்னுட்டுப் போ," என்று தன் பங்கிலிருந்து ஒரு பிடி வைத்தாள். ஒரு வாரம் வைத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. எண்ணெய்க் கடையில் கொடுத்து மாற்றிவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதாளாம். இதைச் சொன்னது நாணயச்சாலையில் கேன்டீன் நடத்திவந்த அண்ணி, அதாவது மெருகுக்காரியின் கூடப்பிறந்த அண்ணன் மனைவி. அண்ணியின் காதுக்கு வராத சேதி ஊரில் கிடையாது. கொத்தனார் வீட்டில் குறைந்த அந்த ஒரு பிடி, தான் மூங்கில் குச்சியால் தேய்த்தெடுத்த பிடிதான் என்று மெருகுக்காரிக்குத் தெரியும். "இதைச் சரி பண்ணாம நான் ஓய மாட்டேன் அண்ணி," என்றாள். "ஊரெல்லாம் போன காசை எப்படிடி சரி பண்ணுவே?" என்று அண்ணி கேட்டாள். அவளிடம் இருந்தது பிடிவாதம் மட்டும்தான்.

சாப்பிடச் சாப்பிடச் சின்னவளுக்குச் சதை போட்டது. கன்னம் உப்பியது, நாணயமும் கனத்தது. பஸ் நிலையத்தில் காசு போட்டால் எடைச் சீட்டு தருகிற இயந்திரம் இதை மட்டும் துப்பியது. டிக்கெட் இயந்திரங்கள் தொண்டை அடைத்து நின்றன. வங்கியில் எடை போட்டு எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு பையிலும் கணக்கு இடித்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது: எடை தவறிய நினைவு நாணயங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்று உருக்கிவிடவும். ஊர் நிம்மதியாகக் கொண்டுவந்து கொட்டியது. ஊழியர்கள் முன்மாதிரியாகத் தங்கள் நாணயத்தை முதலில் ஒப்படைக்க வேண்டும் என்றார் தராசு. மெருகுக்காரி தன்னுடையதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனாள். கொடுப்பதற்கு முன்னால் மூட்டையின் வாயில் குனிந்து, "பயப்படாதே, நான் வரேன்," என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

உலை அப்போது உள்ளுக்குச் செங்கல் பெயர்ந்து கிடந்தது. புதுச் செங்கல் வைத்துப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூட்ட முடியும். அதுவரைக்கும் மூட்டைகள் இரும்பறையில் அடுக்கப்பட்டன. அங்கே சன்னல் கிடையாது, தட்டு கிடையாது, பானை கிடையாது. உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் எடை பார்த்துத்தான் விடுவார்கள், ஆகவே ஒரு பருக்கைகூட உள்ளே நுழைய வழியில்லை. மெருகுக்காரி இரண்டு தடவை முந்தானையில் முடிந்து எடுத்துப் போய்ப் பார்த்தாள். இரண்டு தடவையும் காவலாளி எடைமேடையைக் காட்டி, "அக்கா, என் வேலையில மண்ணைப் போட்டுடாதீங்க," என்று கெஞ்சினான். அவளால் அவன் பேச்சைத் தட்ட முடியவில்லை.

கொஞ்ச நாளில் தராசுக்குத் தூக்கம் போயிற்று. இரும்பறையின் எடை தினமும் இறங்கிக்கொண்டே வந்தது. பூட்டு உடையவில்லை, முத்திரை கலையவில்லை, நாணயங்களை எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. எடை மட்டும் போய்க்கொண்டிருந்தது. நாணயத்தை விட்டுவிட்டு அதன் கனத்தை மட்டும் திருடுகிற திருடனை அவர் தன் சர்வீசில் பார்த்ததில்லை. கடைசியில், காரணம் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று மெருகுக்காரியை உள்ளே கூட்டிப் போனார். மூட்டையை அவிழ்த்தபோது கலகலவென்ற சத்தம் வரவில்லை, சருகு சரசரக்கிற சத்தம்தான் வந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தாள். சின்னவளின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் தங்கள் குவியலுக்கு முன்னால் அசையாமல் இருந்தார்கள். அவர்கள் செதுக்கப்பட்டவர்கள், அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சின்னவள் மட்டும் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நேராக மெருகுக்காரியைப் பார்த்தாள்.

அன்று அவள் தராசின் மேசைக்கு முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை. "சார், ஆணையில என்ன எழுதியிருக்கு?" "எடை தவறின நாணயத்தை உருக்கணும்னு." "எடை சரியான நாணயத்தை?" தராசு யோசித்தார். "எடை சரியா இருக்கிறதை உருக்க எனக்கு அதிகாரம் இல்ல." "அப்ப நான் எடையைச் சரி பண்ணிக் குடுக்கிறேன்." "எப்படிம்மா?" "அவ தட்டுல சோறு போட்டா அவ யார் கையையும் எதிர்பார்க்க மாட்டா. கூடவும் மாட்டா, குறையவும் மாட்டா." தராசு சன்னல் வழியாக உலையைப் பார்த்தார். கொத்தனார் உள்ளே செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். அதே கொத்தனார்தான், ஒரு வாரம் சின்னவளுக்குச் சோறு போட்டவளின் புருஷன். "செங்கல் காயுற வரைக்கும் டைம். காஞ்சா நான் மூட்டிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது," என்றார் தராசு. "வந்து நிக்க மாட்டேன் சார்." மூட்டைகள் மெருகு அறைக்கு வந்தன.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அச்சை, மறுபடி யாரும் அடிக்கக் கூடாதென்று, எப்போதோ கோடு போட்டு அழித்துவிட்டார்கள். சிற்றுளியை வைத்துத் தட்டினால் நாணயத்தில் பள்ளம்தான் விழும். சோறு மேடாக அல்லவா இருக்க வேண்டும்? ஒரு நாணயத்தில் தட்டிப் பார்த்தாள். சின்னவளின் தட்டில் பொத்தல் மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அவள் அதைக் கையில் மூடிக்கொண்டு கேன்டீனுக்குப் போய், மேசைமேல் போட்டுவிட்டுத் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. அண்ணி வந்து தட்டை நகர்த்தி வைத்தாள். "நீ பட்டினி கெடந்தா அவளுக்கு வயிறு நெறைஞ்சிடுமா?" என்று சிடுசிடுத்துவிட்டு, மேசைமேல் கிடந்த நாணயத்தை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். அண்ணிக்கு அச்சும் தெரியாது, உளியும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது களஞ்சியமும் அடுப்பும்தான். "பின்னாடி இவ்வளவு பெரிய கதிரு சாஞ்சு கெடக்கு, முன்னாடி ஒருத்தி சும்மா தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அங்கேயிருந்து நாலு மணியை இந்தப் பக்கம் தள்ளி விடேன்டி," என்றாள். மெருகுக்காரி அண்ணியையே பார்த்தாள். பிறகு எழுந்து, அண்ணியின் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். "ஐயே, எச்சி!" என்று அண்ணி துடைத்துக்கொண்டாள்.

கதிரின் அடிமணிகள் சின்னவளின் தட்டுக்கு நேர் பின்னால் இருந்தன. நல்ல கனத்தோடு இருந்தபோது என்றால் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் அந்தப் பக்கம் போயிருக்காது. பட்டினியில் நாணயம் இலைபோல மெலிந்திருந்ததால், கதிர் மேலே பார்க்க வைத்து, ஒரு மணியின்மேல் மழுங்கின உளியை நிறுத்தி மெதுவாகத் தட்டியதும் அது அங்கே உள்வாங்கி இந்தப் பக்கம் தட்டில் எழும்பியது. கதிரில் ஒரு மணி போயிற்று, தட்டில் ஒரு மணி வந்தது. நாலைந்து தட்டலில் சின்னவளுக்கு அவளுடைய சாப்பாடு வந்துவிட்டது. முதல் நாணயத்தை முடித்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மெருகு அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் தட்டினார்கள், வேலை முடிந்தும் தட்டினார்கள். அண்ணி கேன்டீனை மூடிவிட்டு வந்து மூட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். தட்டுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது, கொல்லர் தெரு ஒன்று புதிதாக வந்துவிட்டதோ என்று போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டிரைவர் பஸ்ஸை வாசலில் நிறுத்தி, "எங்க வீட்டு ஆளை எப்பவாவது வீட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். உலைக்குள் செங்கல் காய்ந்துகொண்டிருந்தது.

எல்லா மூட்டையும் முடிந்த அன்று தராசு வந்து ஒரு நாணயத்தைத் தட்டில் போட்டார். முள் நடுவுக்கு வராமல் ஒரு பக்கமே நின்றது. மறுநாள் போட்டார். அப்படியேதான். யார் தட்டிலும் இப்போது ஒரு பிடி குறையவில்லை, அது உண்மை. மெருகு அறைப் பெண்கள் நாணயங்களுக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஆனால் சின்னவளும் தேறவில்லை. விலா எலும்பு அப்படியே தெரிந்தது. "நீ சொன்ன மாதிரி சோறு போட்டாச்சு. எடை ஏறலையேம்மா," என்றார் தராசு, வருத்தமாகத்தான். மெருகுக்காரி கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். போட்ட மணிகள் போட்டபடியே இருந்தன. சின்னவள் அவற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி, மேலே கையை வைத்து மூடிக்கொண்டிருந்தாள். வேறு ஒரு நாணயத்தை எடுத்தாள். அதிலும் கை மூடியிருந்தது. எல்லாவற்றிலும் அப்படித்தான். சின்னவளின் பார்வை மட்டும் ஒரே இடத்தில் இருந்தது. அது எங்கே என்று மெருகுக்காரி திரும்பிப் பார்த்தாள். தன் மேசைமேல் கிடந்த மூங்கில் குச்சியும், மெருகுப் பசையும், துணியும்.

ஒருமுறை துடைத்துக்கொண்டு போனவள் இன்னொரு முறை வரமாட்டாள் என்று அந்தப் பிள்ளை எதை வைத்து நம்பும்? மெருகுக்காரி குச்சியையும் துணியையும் பசையையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்த் தராசின் மேசையில் வைத்தாள். "இதில்லாம நீ என்ன வேலை பார்ப்பே?" என்று அவர் கேட்டார். "இனிமே மெருகு வேண்டாம் சார். தட்டுற வேலை குடுங்க, கூட்டுற வேலை குடுங்க, எது குடுத்தாலும் பார்க்கிறேன்," என்றாள். இருபது வருஷத்து வேலையையும் அதில் வாங்கின பேரையும் அவள் அப்படித்தான் விட்டாள். எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து அழுதாள், மறுநாள் நேரத்துக்கு வேலைக்குப் போனாள்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை அவள் நாணயங்களுக்கு முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். வெறும் கையோடு வருவாள், இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள், டப்பாவைத் திறப்பாள். "சாப்பிடும்மா. நாளைக்கும் இருக்கு," என்பாள். சின்னவள் கையை எடுக்க மாட்டாள். மறுநாளும் வந்து அதையே சொல்வாள். அடுத்த நாளும் அதையே. உலையில் செங்கல் காய்ந்து நிறம் வெளுத்தது. "வேற ஏதாவது சொல்லிப் பாரேன்டி," என்றாள் அண்ணி. "வேற என்ன சொல்றது அண்ணி? அவளுக்கு வேண்டியது இது ஒண்ணுதான். நாளைக்கும் இருக்குன்னா, நாளைக்கும் வந்து காட்டணும்." ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். காய்ச்சலோடு ஒருநாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். டிரைவர்தான் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டார், உள்ளே இருந்த பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அன்று அவளுக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. "நீயாவது சாப்பிடு," என்று சொல்லிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் வாய்க்குள் சோற்றை அதக்குகிற சத்தம். அவள் தலையைத் தூக்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுமோ என்ற பயம்.

மறுநாள் காலையில் தட்டுகளில் மணிகள் மறுபடி இருந்தன. பின்பக்கக் கதிரில் உள்வாங்கியிருந்த இடங்களில் புது மணி பால் பிடித்திருந்தது. அன்றைக்குத்தான் கொத்தனார் வந்து உலையைத் தட்டிப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார். நெருப்பு மூட்டினார்கள். மூட்டைகளை வண்டியில் ஏற்றி உலைவாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மெருகுக்காரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், தராசிடம் போய் நிற்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். தராசு தன் எடைக்கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து உலைவாசலிலேயே வைத்தார். ஒரு நாணயத்தைப் போட்டார். முள் ஆடி, ஆடி, நடுவுக்கு வந்து நின்றது. இன்னொன்றைப் போட்டார். மூன்றாவது மூட்டையில் கைவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அதற்கப்புறம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எடை சரியா இருக்கு. வண்டியைத் திருப்புங்கப்பா," என்றார். கொத்தனார்தான் முதலில் கை தட்டினார். மூட்டின உலையை வீணாக்க வேண்டாமென்று அதில் பழைய தண்ணீர்க் குழாய்களை உருக்கினார்கள்.

நாணயங்கள் மறுபடி ஊருக்குள் போயின. விவசாயத் துறை தன் ஆண்டறிக்கையில் விளம்பரம் நல்ல பலன் தந்தது என்று ஒரு வரி எழுதிக்கொண்டது. ஊர்க்காரர்கள் அந்த நாணயத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்கள். காலையில் சின்னவளின் தட்டு நிறைந்திருக்கும், மாலை விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் காலியாகும். கடிகாரம் இல்லாதவர்கள் பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்து, இன்னும் சாப்பிடவில்லை, கடை திறந்துதான் இருக்கும் என்று நடப்பார்கள். நாணயங்களை ஒப்படைத்த ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று திரும்பக் கிடைத்தது. கொத்தனார் மனைவி எண்ணெய்க் கடையில் போய்த் தேடி ஒன்று கேட்டு வாங்கி வந்தாள், அதைச் சமையலறையில் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மெருகுக்காரி வேலையிலிருந்து ஓய்வுபெறும்வரை மூட்டை தைத்தாள், அறை கூட்டினாள், நாணயம் எண்ணினாள். மெருகு அறைப் பக்கம் போகவில்லை.

வீட்டில் இருக்கிற நாணயத்தை அவள் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். வெகுநாள்வரைக்கும் சின்னவள் எல்லாவற்றையும் சாப்பிடமாட்டாள். ஒரே ஒரு மணியை எடுத்துத் தட்டின் விளிம்புக்கு அடியில் ஒளித்து வைப்பாள், நாளைக்கு. மெருகுக்காரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவாள். வருஷங்கள் போயின. ஒருநாள் சாயங்காலம் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். தட்டு பளிச்சென்று காலியாக இருந்தது, முன்பு அவள் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்தாளே, அதேபோல. மறுபடி யாராவது துடைத்துவிட்டார்களோ என்று பயந்தாள். மறுபடி குனிந்து விளிம்புக்கு அடியிலும் தேடினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. சின்னவள் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, சாப்பிட்டாளா?" என்று கை கழுவிக்கொண்டே டிரைவர் கேட்டார். "எல்லாத்தையும் சாப்பிட்டுட்டா. ஒண்ணுகூட வைக்கலைங்க," என்று சொல்லி மெருகுக்காரி நாணயத்தை அதன் இடத்தில் வைத்தாள்.